வீடு திரும்பும் நாளும் வாசற்படியும்

வீடு திரும்பும் நாளைக் குறித்துக் கொடுக்கும்போது நோயாளியின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றும் என்று எதிர்பார்ப்பது மருத்துவர்களின் இயல்பு. எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் பல நேரங்களில் தோன்றுவது கவலை. "எந்த வீட்டுக்கு?" என்ற கேள்வியே அந்தக் கவலைக்குக் காரணம்.

இக்கரையின் சங்கு குளிக்கும் தொழிலாளர் ஒருவர் இரு கால்களும் செயலிழந்த நிலையில் எங்களிடம் வந்தார். கம்ப்ரசர் குழாய் வழியே காற்றைச் சுவாசித்து ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்துவிட்டு விரைந்து மேலே வருவோருக்கு நேரும் நோய் அது. ஆழத்தின் அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் திடீரெனக் குறையும்போது குமிழ்களாக மாறுகிறது. அக்குமிழ்கள் தண்டுவடத்தின் இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விடலாம். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளிப்பு தொடர்கிறது. அதனால் இந்நோயும் தொடர்கிறது.

மூன்று மாத உழைப்பில் அவர் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாறக் கற்றுக்கொண்டார். அவர் குடியிருந்ததோ மாடியில் ஒரு வாடகை வீடு. மனைவி தரைத்தள வீடு தேடி அலைந்தார். ஓர் உரிமையாளர் முன்பணம் வாங்கிக்கொண்டு, சக்கர நாற்காலியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றொருவர் வீடு தர இசைந்தார். ஆனால் குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தத் துளையிடக் கூடாது என்றார். தரகர் ஒருவர், இத்தகைய குடும்பத்துக்கு வீடு காட்டினால் தமக்கு அடுத்த வீடு கிடைக்காது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். முடிவில், ஊருக்கு வெளியே உறவினர் வீட்டில், கழிப்பறை தனியே பின்புறம் அமைந்த ஓர் அறையில் அவர் தங்க நேர்ந்தது. ஏழு வாரங்களில், எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமான படுக்கைப் புண்ணுடன் மீண்டும் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அந்தப் புண்ணுக்கு நாங்கள் மருத்துவப் பெயர் எழுதினோம். அதன் உண்மையான காரணத்தை எழுதப் படிவத்தில் இடமில்லை. எனவே இங்கே எழுதுகிறோம்: அவருக்கு ஏற்ற ஒரு வீடு கிடைக்கவில்லை.

வீடு என்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பது எங்கள் உறுதியான கருத்து. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது அடிக்கடி உடலை உயர்த்தியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பலர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தூய்மையான இடத்தில் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாவிட்டால் அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். தொற்றும் சிறுநீர்க் கல்லும் பின்தொடரும். பக்கவாதத்திலிருந்து மீண்ட முதியவர் ஈரத் தரையில் பிடிமானமின்றி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். சர்க்கரை நோயால் கால் இழந்த உப்பளத் தொழிலாளிக்கு இரண்டு உயரமான படிகளே வீட்டுச் சிறையாகிவிடும். எங்கள் மருந்துச்சீட்டு எத்தனை சரியாக இருந்தாலும் இவற்றை அது தடுக்காது.

இவர்களுக்குத் தேவைப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் சிறியவை. கழிப்பறைச் சுவரில் இரண்டு கைப்பிடிகள். குளியலறை வாசலில் இருக்கும் சிறு தடுப்பை நீக்குதல் அல்லது அதன் இருபுறமும் சரிவாகப் பூசுதல். தரையில் அமரும் கழிப்பறைக்கு மேல் வைக்கத்தக்க நாற்காலி. உள்நோக்கித் திறக்கும் கதவை வெளிநோக்கித் திறக்குமாறு மாற்றுதல். சக்கர நாற்காலி எளிதாக நுழைய வாசல் 900 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது நடுவண் அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளின் அளவு. நம் வீடுகளின் குளியலறைக் கதவுகள் பல இரண்டரை அடிக்கும் குறைவு. அங்கே நிலையை மாற்ற இயலாவிட்டால், நாற்காலியை வாசலில் நிறுத்தி, சக்கரம் பொருத்திய சிறிய குளியல் நாற்காலிக்கு மாறும் வழியைக் கற்றுத்தருகிறோம்.

வாசற்படி மட்டும் உண்மையிலேயே கடினமானது. மழைநீர் தேங்கும் ஊர் இது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், நகரத்தின் தெருக்கள் பல நாட்கள் நீரில் கிடந்ததையும் கண்டவர்கள், வீட்டின் அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவதைக் குறைகூற இயலாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சாய்தளத்தின் பாதுகாப்பான அளவு. ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி சாய்தளம் வேண்டும். நம் தெருக்களில் எல்லா வீட்டுக்கும் அவ்வளவு இடம் இல்லை. சில வீடுகளில் பக்கச் சந்தின் வழியே அதைத் திருப்பிக் கொண்டுபோகலாம். சில வீடுகளில் துணைக்கு ஒருவர் இருக்கும்போது மட்டும் விரிக்கும் உலோகப் பலகை போதும். சில வீடுகளில் எதுவுமே இயலாது. இயலாததை யாரும் கேட்கவில்லை. இயன்றதையும் மறுப்பதே எங்கள் வருத்தம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. அதன் 5-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தின் நடுவே வாழும் உரிமை உண்டு என்றும், குறிப்பிட்ட ஒரு வாழிடத்தில்தான் வாழ வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் கூறுகிறது. 2-ஆம் பிரிவு 'நியாயமான ஏற்பாடு' என்பதை வரையறுக்கிறது: பிறருக்குச் சமமாக ஒருவர் தம் உரிமையைத் துய்ப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றம்; ஆனால் அது மறுதரப்பின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது. இத்தகைய ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று அதே பிரிவு சொல்கிறது. அரசின் வீட்டுத் திட்டங்களில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீட்டை 37-ஆம் பிரிவு வழங்குகிறது. அவர்களுள் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது என்கிறது 44-ஆம் பிரிவு. அவ்விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது, கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. பார்வைக் குறைபாடு உடைய அவர் அவ்வழக்கைத் தொடுத்தது 2005-இல்.

இவ்வளவு இருந்தும், எங்கள் நோயாளிக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த உரிமையாளரை இச்சட்டம் நேராகச் சென்று தொடுவதில்லை. நியாயமான ஏற்பாட்டை உறுதிசெய்யும் கடமையை 3-ஆம் பிரிவு அரசின் மீதே வெளிப்படையாகச் சுமத்துகிறது. நிறுவனம், சங்கம், அறக்கட்டளை ஆகியவை தனியார் நிறுவனம் என்ற வரையறைக்குள் வருகின்றன. எனவே அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்று, சாய்தளம் அமைக்கவோ வாகன நிறுத்துமிடத்தை மாற்றித் தரவோ மறுக்கும்போது, இச்சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எளிதில் சொல்ல இயலாது. ஆனால் ஒற்றை வீட்டை வாடகைக்கு விடும் தனிமனிதரைப் பற்றித் தெளிவான சொல் ஒன்றும் அச்சட்டத்தில் இல்லை.

அச்சொல்லை எழுதுவது நாடாளுமன்றத்துக்குப் புதிதன்று. 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரு சொத்தில் வசிக்கவும், அதை வாங்கவும், வாடகைக்கு எடுக்கவும் உள்ள உரிமையை மறுத்தல் பாகுபாடு என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலும் அவ்வாறே உள்ளது. அவ்விரு சட்டங்களிலும் இடம்பெற்ற 'வாடகை' என்ற சொல், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாகுபாட்டுப் பிரிவில் இல்லை. அந்த ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதல் வேண்டுகோள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், செவித்திறன் அற்றவருக்கும், மனநோயிலிருந்து மீண்டவருக்கும், தொழுநோய் முற்றும் குணமானவருக்கும் வீடு மறுக்கப்படும்போது சுட்டிக்காட்ட ஒரு வரி வேண்டும்.

அந்த வரி எப்படி அமையலாம் என்பதற்கு அமெரிக்காவின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் ஒரு முன்மாதிரி. 1968-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தில் உடற்குறைபாடும் மனக்குறைபாடும் 1988-இல் சேர்க்கப்பட்டன. வாடகைதாரர் தம் சொந்தச் செலவில் செய்துகொள்ள விரும்பும் நியாயமான மாற்றத்தை உரிமையாளர் மறுக்கக் கூடாது. நியாயமான இடங்களில், வீட்டைக் காலி செய்யும்போது உட்புறத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி அவர் நிபந்தனை விதிக்கலாம். செலவு வாடகைதாரருடையது; அனுமதி உரிமையாளருடையது. இருவருக்கும் இழப்பில்லை. அங்கே வீட்டுத் தரகு உரிமம் பெறப் பயில்வோர் படிக்க வேண்டிய பாடங்களுள் இச்சட்டமும் ஒன்று.

நம் நாட்டில் தரகரின் நிலை வேறு. 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுபெற்ற திட்டங்களில் விற்பனைக்கு இடைநிற்கும் முகவர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் 2023 முதல் அவர்களுக்குப் பயிற்சியும் தகுதித் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. வாடகை வீடு காட்டும் தரகர் இவ்வரம்புக்குள் வருவதில்லை. ஆயினும் எந்தக் குடும்பம் எந்த வீட்டைக் காண வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்பவர் அவரே. உரிமையாளர் மறுப்பார் என்று தாமே கருதி, கேட்காமலேயே திருப்பி அனுப்பும் தரகரால் இழந்த வீடுகள் எத்தனையோ. எனவே தரகர்களுக்கான பயிற்சி எந்த வடிவில் வந்தாலும், மாற்றுத்திறனாளிக்கு வீடு காட்டும் முறை அதில் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது வேண்டுகோள். அரை நாள் வகுப்பு போதும். அதை நடத்த எங்களைப் போன்ற மருத்துவர்களும், அதைவிடச் சிறப்பாக மாற்றுத்திறனாளிகளே கூட, முன்வருவார்கள்.

வீட்டு உரிமையாளர்களின் அச்சத்தையும் நாம் நேர்மையாக எண்ணிப்பார்க்க வேண்டும். பலருக்கு அந்த ஒரு வீட்டின் வாடகைதான் முதுமைக்கால வருமானம். சுவர் பாழாகுமோ, சாய்தளம் போட்டால் பின்னர் வேறு யாரும் குடிவர மாட்டார்களோ, வாடகை நின்றுபோனால் நோயாளி வீட்டைக் காலி செய்யச் சொல்ல மனம் வருமோ என்று அவர்கள் தயங்குகிறார்கள். முதல் இரண்டுக்கும் எழுத்துப்பூர்வமான உடன்பாடே தீர்வு. மூன்றாவது அச்சம் இரக்கத்திலிருந்து பிறக்கிறது. ஆயினும் வாடகைச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்பதை அவர்கள் நினைவில் கொள்ளலாம். நோயாளி குடியிருந்தால் வீடு விளங்காது என்ற நம்பிக்கையும் சிலரிடம் உண்டு. அவர்களிடம் நாங்கள் வாதிடுவதில்லை. பக்கவாதம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதை மட்டும் சொல்கிறோம். இன்று கைப்பிடியை மறுத்தவருக்கே நாளை அக்கைப்பிடி தேவைப்பட்டதை எங்கள் பிரிவில் கண்டிருக்கிறோம்.

எங்கள் தவற்றையும் மறைக்க விரும்பவில்லை. நெடுங்காலம் நாங்கள் நோயாளியின் வீட்டைப் பற்றிக் கேட்டது வீடு திரும்புவதற்கு முந்தைய நாளில்தான். மேலே குறிப்பிட்ட தொழிலாளரிடமும் அப்படித்தான் கேட்டோம். அதற்குள் குடும்பத்தின் பணமும் காலமும் தீர்ந்திருந்தன. இப்போது சேர்க்கையின் முதல் வாரத்திலேயே வீட்டைப் பற்றிக் கேட்கிறோம். உங்களிடம் யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் இப்போதே செய்யத்தக்கவை சில உள்ளன. முதலாவது, வாசல், கழிப்பறைக் கதவு, படி ஆகியவற்றின் அளவை எடுத்து, கைப்பேசியில் படம் பிடித்து எங்கள் பிசியோதெரபி பிரிவில் காட்டுங்கள். எந்த மாற்றம் உண்மையில் தேவை, எது தேவையில்லை என்று அவர்கள் சொல்வார்கள். தேவையற்ற செலவு பல வேளைகளில் அங்கேயே குறைந்துவிடும்.

இரண்டாவது, மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். எந்த நோய், எப்படி வந்தது என்பதெல்லாம் வீட்டு உரிமையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. "இவருக்குக் கழிப்பறையில் இரண்டு கைப்பிடிகள் தேவை" என்ற அளவில் எழுதினால் போதும். அவ்வாறே எழுதித் தருவோம்.

மூன்றாவது, உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பெறுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. உரிமையாளரின் எழுத்து ஒப்புதலின்றிக் கட்டுமான மாற்றம் செய்தால், அதுவே வீட்டைக் காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். என்ன மாற்றம், யார் செலவு, காலி செய்யும்போது நீக்க வேண்டுமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, தனித்துவ அடையாள அட்டைக்குக் காலம் தாழ்த்தாமல் விண்ணப்பியுங்கள். அரசு வீட்டு ஒதுக்கீட்டுக்கு அது அடிப்படை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பட்டால், தரைத்தளம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

ஐந்தாவது, மறுப்பு நேர்ந்தால் அமைதியாக இருந்துவிடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் உரிமை மறுப்பை விசாரித்துப் பரிந்துரை வழங்கும் அதிகாரம் உடையவர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. தனி உரிமையாளரைப் பொறுத்தவரை சட்டம் தெளிவற்றது என்பதை முன்னரே சொன்னோம். ஆகவே ஒவ்வொரு மனுவும் வெற்றி பெறும் என்று உறுதி கூற மாட்டோம். ஆனால் பதிவாகாத மறுப்பு நடக்காத மறுப்பாகவே கருதப்படும். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்போரின் கையில் அம்மனுக்களே சான்றாக இருக்கும்.

அந்தத் தொழிலாளரின் புண் ஆறுவதற்கு ஐந்து மாதங்களும் ஓர் அறுவைச் சிகிச்சையும் தேவைப்பட்டன. அக்காலத்தில் அவர் மனைவி மீண்டும் வீடு தேடினார். இம்முறை எங்கள் கடிதமும், மாற்றங்களின் பட்டியலும், காலி செய்யும்போது சுவரைச் சரிசெய்து தருவோம் என்ற உறுதிமொழியும் அவர் கையில் இருந்தன. நான்காவதாகப் பார்த்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். இரண்டு கைப்பிடிகள், ஒரு கதவு, வாசலில் விரித்து எடுக்கும் ஓர் இரும்புப் பலகை. அவ்வளவுதான். அவர் இப்போது அந்த வீட்டு வாசலில் அமர்ந்து வலை பின்னுகிறார்; மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு மட்டும் எங்களிடம் வருகிறார்.